நாக்குப் பக்கத்துச் சுவர்

பல் டாக்டர்கள் மத்தியில் அவருக்கு 'அரைமில்லி' என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். பல்லுக்கு கேப் போடுவதென்றால் சும்மா தொப்பி மாதிரி மேலே கவிழ்த்துவிட முடியாது. இருக்கிற பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் இழைத்து, கேப்புக்கு இடம் பண்ண வேண்டும். மேலே ஒன்றரை மில்லிமீட்டர், பக்கங்களில் ஏறக்குறைய ஒன்று. மற்றவர்கள் கண்ணால் பார்த்தே இழைத்து முடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவர் ஒரு தடவை இழைப்பார், அளப்பார், "இன்னும் அரை மில்லி" என்று தனக்குத்தானே முனகுவார், மறுபடி குனிவார். டாக்டர்கள் கூடுகிற இடத்தில் இவர் டீ எடுக்கப் போனால்கூட, "சாருக்குப் பார்த்து ஊத்துங்கப்பா, அளந்து பார்ப்பாரு" என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு டீயோடு ஒரு ஓரமாகப் போய் நின்றுகொள்வார்.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான, சற்றே குள்ளமான மனிதர். மனைவி இறந்து நான்கு வருடம். பிள்ளை இல்லை. வீடு பெரியது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒருவருக்கு அது பெரிதுதான். காலையில் போகும்போது மேசைமேல் வைத்த தம்ளர் மாலையில் வரும்போது அதே இடத்தில் இருக்கும். நகர்த்தி வைத்து, "எங்க வெச்சே?" என்று சண்டை போட ஆள் கிடையாது.

க்ளினிக்கில் மட்டும் நிறையப் பேசுவார். அதுவும் எப்படிப்பட்ட பேச்சு! எதிரில் இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதுதான் பேச்சு வரும். வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, பக்கத்துத் தெருவில் மரத்தை வெட்டிவிட்டார்கள், இப்போதெல்லாம் தூக்கம் வரமாட்டேனென்கிறது என்று என்னென்னவோ சொல்வார். அவர்கள் "ஆ... ஆ..." என்பார்கள். வாயை மூடிக் கொப்பளித்து நிமிர்ந்ததும், "என்ன டாக்டர் சொன்னீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் குடிக்காதீங்க" என்பார். அவ்வளவுதான். பேசுகிற ஆளிடம் பேசத் தெரியாத மனிதர் அவர். வேறென்ன சொல்ல?

இதற்கு ஒரே விதிவிலக்கு மச்சினன். மனைவியின் தம்பி. பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு, அது போதாதென்று வெளியிலும் வாய் ஓயாமல் பேசுவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். "அத்தான், வீடு என்ன லைப்ரரி மாதிரி இருக்கு!" என்று ஜன்னல்களைத் திறந்துவிடுவார். சாயங்காலம் வரை பேசிவிட்டுப் போவார். அவர் போன பிறகு இரண்டு மூன்று நாளைக்கு அந்த வீட்டில் பேச்சு மிச்சமிருக்கிற மாதிரி இருக்கும். அரைமில்லியின் வீட்டுக்கு வருகிற ஒரே மனிதர் அவர்தான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மச்சினனின் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு, அதுவும் கடைசிப் பல்லுக்கு, அரைமில்லி கேப் போட்டார். மூன்றாம் மாதம் அது கழன்று வந்தது.

"எப்ப விழுந்துச்சு மாப்ளே?"

"டூட்டியில அத்தான்! 'நாலாம் மேடையில்'னு வாயைத் திறந்தேன், டிங்னு மைக் மேலயே விழுந்துச்சு. அடுத்த அறிவிப்பு வரப்போகுதுன்னு ஜனங்க எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் கீழ குனிஞ்சு கேப்பைத் தேடிக்கிட்டு இருக்கேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்பை மறுபடி ஒட்டினார். ஐந்து வாரத்தில் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை மச்சினன் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

"இவ வேற டாக்டர்கிட்ட காமின்னு நச்சரிக்கிறா அத்தான். நான்தான், அத்தானை விட்டுட்டு எங்க போறதுன்னு..." என்று இழுத்தார். 'இவ' என்றது அவருடைய மனைவியை.

அரைமில்லிக்கு அது சுருக்கென்று தைத்தது. பல்லைப் பார்த்தார். இழைத்த அடிப்பல் குட்டையாக இருந்தது. ஒரு கேப் நிற்க வேண்டுமென்றால் அடிப்பல்லின் சுவர்கள் கவிழ்த்து வைத்த தம்ளர் மாதிரி ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த புனல் மாதிரி சரிந்திருந்தால் எந்தப் பசை போட்டாலும் ஒருநாள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இந்தப் பல்லில் நாக்கைப் பார்த்த பக்கத்துச் சுவர் புனலாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு தடவை இழைத்துச் சரிபண்ணலாம். ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் இழைக்கப் பல்லில் ஒன்றும் மிஞ்சாது, பிடுங்க வேண்டியதுதான். பல்லைப் பிடுங்கினால் மச்சினன் ஒன்றும் சொல்லமாட்டார், கோபிக்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒரு வேலை வந்துவிடும், அவ்வளவுதான். அக்காவே போய்விட்டாள், அத்தான் வீட்டில் என்ன இருக்கிறது?

"ரெண்டு வாரம் டைம் குடு மாப்ளே. தற்காலிகமா ஒண்ணு ஒட்டி விடறேன். இந்தத் தடவை சரியாப் பண்ணிடுவேன்" என்றார்.

அப்புறம் தொடங்கியது ஆராய்ச்சி. முதலில் பழி பசைமேல் விழுந்தது. வேறு கம்பெனிப் பசை வாங்கினார். பிறகு கண்மேல். நெற்றியில் மாட்டிக்கொள்கிற பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். அதை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது ஒரு குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்து வீறிட்டு அழ, ஊசி போடாமலே பாதி வைத்தியம் முடிந்தது. பிறகு பல்லை இழைக்கச் சுற்றுகிற எந்திர ஊசிகள்மேல் சந்தேகம் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். பல்லில் முதலிலேயே வேண்டிய ஆழத்துக்குக் கோடுகள் கீறிக்கொண்டு, கோடு மறைகிற வரைக்கும் மட்டுமே இழைத்தார். பயன் இருந்தது. மேல்பக்கம் அளவு பிசகவில்லை.

கடைசியாக, படித்த காலத்தில் செய்து பிறகு நேரமில்லை என்று விட்டுவிட்ட ஒரு வேலையை மறுபடி கையிலெடுத்தார். பல்லை இழைப்பதற்கு முன்பே ரப்பர் மாவைப் பிசைந்து பல்மேல் அமுக்கி ஓர் அச்சு எடுத்துக்கொள்வது. அது இறுகியதும் கத்தியால் குறுக்கே இரண்டாக அறுத்து வைத்துக்கொள்வது. இழைத்த பிறகு அந்தப் பாதி அச்சைப் பல்மேல் திரும்ப வைத்தால், பல்லுக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் இழைத்த அளவு. கண் பொய் சொல்லும், அச்சு சொல்லாது.

கேப் போட வந்த எல்லாருக்கும் அச்சு எடுத்தார். கன்னத்துப் பக்கம் இடைவெளி ஒரே சீராக, அழகாக இருந்தது. மேல் பற்களில் குறையில்லை. இடப்பக்கமும் பரவாயில்லை. வலது கீழ்க் கடைவாயில் வைத்தால் மட்டும் நாக்குப் பக்கம் இடைவெளி மேலே போகப் போக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒருவருக்கல்ல, வந்த அத்தனை பேருக்கும். ஆக, பசையுமில்லை, கண்ணுமில்லை, ஊசியுமில்லை. அவர் கைதான். அரை மில்லிக்கு அலைகிற மனிதர், அந்த ஒரு சுவரில் மட்டும் ஒரு மில்லிக்கு மேல் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினன் வரவில்லை, டூட்டி மாற்றிவிட்டார்களாம். அரைமில்லி மத்தியானம் க்ளினிக்குக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார். உள்ளறை அலமாரி நிறையப் பழைய பல் மாதிரிகள், இழைத்த பற்களிலிருந்து அளவெடுத்துப் பிளாஸ்டர் மாவில் வார்த்த வாய்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தூக்கிப் போட மனசில்லாமல் சேர்த்து வைத்தவை. இந்தச் சாய்வு எப்போது வந்து தொலைந்தது என்று பார்க்கலாமென்று ஒவ்வொன்றாக எடுத்து, வலது கீழ்க் கடைவாய் உள்ளவற்றை மட்டும் மேசையில் பரப்பினார்.

சில நேராக இருந்தன. சில சாய்ந்திருந்தன. நேரானவற்றை ஒரு பக்கம், சாய்ந்தவற்றை ஒரு பக்கம் வைத்தார். வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

நேரான மாதிரிகள் எல்லாம் வழவழவென்று, ஒரு குமிழ் இல்லாமல் இருந்தன. சாய்ந்த மாதிரிகள் எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள், பொத்தல்கள்.

பிளாஸ்டர் மாவு குழைப்பது மனைவியின் வேலை. கிண்ணத்தை மேசையில் தட்டித் தட்டி, காற்றெல்லாம் வெளியேறும் வரை விடமாட்டாள். அவசரத்துக்கு ஒருநாள் இவர் குழைத்ததைப் பார்த்து, "இது வாயா, குளிக்கிற ஸ்பாஞ்சா?" என்று கேட்டு நாள் முழுக்கச் சிரித்தவள். குமிழ் இல்லாதவை அவள் இருந்தபோது வார்த்தவை. குமிழ் உள்ளவை அவள் போன பிறகு இவரே குழைத்தவை.

அதற்குமேல் விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. வலது கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கம், டாக்டர் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து நேராகத் தெரியாது. வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? என்ன நடக்கிறதென்று பார்க்க ஓடி ஓடி வரும். அவள் எதிர்ப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் நாக்கை அணைத்துப் பிடித்து, மறு கையால் வாயில் சேர்கிற தண்ணீரை உறிஞ்சிக் கண்ணாடிமேல் காற்றடிப்பாள். இவருக்குச் சுவர் பளிச்சென்று தெரியும். அவள் போன பிறகு, இருக்கிற ஒரே கண்ணாடியால் நாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில் இழைத்தார். நாக்கில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் கை தானாகவே ஊசியைப் பல் பக்கம் சாய்த்துக்கொண்டது. அந்தச் சாய்வுதான் சுவரில் விழுந்தது. மற்றவர்களின் உயரமான பற்களில் பசை எப்படியோ தாங்கிக்கொண்டது, மச்சினனின் குட்டைப் பல்லில்தான் தாங்கவில்லை. நான்கு வருடமாக அவள் இல்லாததை ஊர் முழுக்க ஜனங்களின் வாய்க்குள் செதுக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் அந்தப் பொத்தல் வாய்களுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். பார்க்க யாரும் இல்லாததால் வெட்கப்படாமல் அழுதார்.

சரி, ஓர் ஆளை வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டதுதான். முன்மேசையில் டோக்கன் கொடுக்கிற பெண்மணி ஒருவர் இருந்தார், வந்தவர்கள் 'டோக்கன் அக்கா' என்பார்கள். நாற்பது வயது, குள்ளம், கெட்டிக்காரி. முன்பு வேறொரு பல் மருத்துவமனையில் கூடமாட நின்று வேலை செய்தவர். "நான் வேணா உள்ள வந்து பிடிக்கட்டுமா டாக்டர்?" என்று பல தடவை கேட்டுவிட்டார். "தேவையில்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்பதே பதில். காரணம் அந்த ஸ்டூல்.

மனைவி அவரைவிட உயரம். கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு ஒரு பலகை கொண்டுவாங்க என்று கிண்டல் செய்தார்கள். நாற்காலியில் படுத்திருப்பவரின் வாய்க்குள் மேலிருந்து பார்க்க, அவள் ஸ்டூலை இன்னும் உயர்த்தி வைத்திருப்பாள். அவள் போன பிறகும் அது அதே உயரத்தில் அதே இடத்தில் நின்றது. அதில் யாரும் உட்காரக்கூடாது. ஒருமுறை துணைக்கு வந்த யாரோ ஒருவர் உட்காரப் போக, டாக்டர் "எழுந்திரிங்க!" என்று கத்திவிட்டார். அந்த அறையில் அவர் கத்தியது அந்த ஒரு முறைதான்.

இரண்டு வாரம் முடிந்து மச்சினன் வந்தார். படுத்தார். மரப்பு ஊசி போட்டாயிற்று. "வலிச்சா இடது கையைத் தூக்கு மாப்ளே" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னார். பாதிச் சொல்லில் வாய் மரத்துப்போக, அறிவிப்பாளர் அடங்கினார்.

அரைமில்லி பழையபடி தனியாகத்தான் ஆரம்பித்தார். கண்ணாடியை உள்ளே விட்டார். நாக்கு ஓடி வந்தது. தள்ளினார். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. இழைக்கிற ஊசி சுற்ற ஆரம்பித்தது. பல்லைத் தொடும் முன் நிறுத்தினார். மறுபடி முயன்றார். மறுபடி நிறுத்தினார். கேப் பிடித்து நிற்பதற்குச் சுவரில் இரண்டு சன்னமான பள்ளக்கோடுகள் நேராக இறக்க வேண்டும். அடியில் மிச்சமிருக்கிற கொஞ்சப் பல்லைச் செங்குத்தாக்க வேண்டும். கை இம்மி சாய்ந்தால் பல் போச்சு. பல்லோடு ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

அவர் கையை வெளியே எடுத்தார். வாசலைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"அம்மா... கொஞ்சம் உள்ள வர்றீங்களா? நாக்கைப் பிடிக்கணும்."

டோக்கன் அக்கா கை கழுவி, உறை மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்டூலுக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"நின்னுக்கிட்டே பிடிச்சுக்கறேன் டாக்டர்."

"நின்னா கை ஆடும். உக்காருங்க."

உட்கார்ந்தார். கால் இரண்டும் தொங்கின. குனிந்தால் கை வாய்க்கு எட்டவில்லை, எட்டினால் தலை விளக்கை மறைத்தது. ஸ்டூலை இறக்குகிற விசை எங்கே என்று அடியில் தடவினார்.

"அதைத் தொட..." என்று தொடங்கிய அரைமில்லி மென்று விழுங்கினார். மச்சினன் படுத்தபடியே கண்ணை உருட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? அரைமில்லி எழுந்து சுற்றி வந்தார், முழங்காலிட்டார், தானே விசையை இழுத்தார். ஸ்டூல் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டே டோக்கன் அக்காவோடு கீழே இறங்கியது.

"போதும் டாக்டர்."

விசையை விட்டார். தன் இடத்துக்குத் திரும்பினார். எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்தன. நாக்கு அணைந்து ஒதுங்கியது. தண்ணீர் போனது, கண்ணாடிமேல் காற்று வந்தது, சுவர் தெரிந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தச் சுவர் தெரிந்தது.

மனைவியிடம் அவர் எதையும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இப்போது சொல்ல வேண்டியிருந்தது. "காத்து." "சரி டாக்டர்." "கொஞ்சம் இந்தப் பக்கம்." "இப்படியா?" "அப்படியேதான்." அந்த அறையில் அவர் சொன்னதற்குப் பதில் வந்துகொண்டிருந்தது. முதல் கோடு நேராக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது.

பாதியில் நிமிர்ந்தபோது மச்சினனின் கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போவதைப் பார்த்தார். மச்சினன் தன் அக்காவின் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா மாப்ளே?"

இடது கை வயிற்றின்மேல் அப்படியே கிடந்தது. தூக்கவில்லை.

பிறகு அளவெடுத்து அனுப்பி, புதுக் கேப் வந்து, அடுத்த வாரம் அதைப் போட்டார்கள். பசை வைப்பதற்கு முன்பே சும்மா அமர்த்தியதும் கேப் கிளிக்கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் கொக்கி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டோக்கன் அக்காவுக்கு வாயெல்லாம் பல். பசை வைத்து ஒட்டி முடித்ததும் மச்சினன் எழுந்து, கண்ணாடி முன்னால் நின்று, "நாலாம் மேடையில்" என்று முழங்கிக் காட்டினார். டிங் சத்தம் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் அத்தான்" என்றார் வாசலில். பிறகு திரும்பி ஸ்டூலை ஒரு பார்வை பார்த்தார். அத்தானின் தோளை அழுத்திவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு அரைமில்லி அறையை ஒழித்துவைத்தார். கடைசியில் ஸ்டூலுக்கு வந்தார். அதைப் பழைய உயரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமென்று விசையை இழுத்தார். ஆளில்லாத ஸ்டூல் சட்டென்று முழு உயரத்துக்கு எழும்பியது. அவ்வளவு உயரம் இல்லை. உள்ளங்கையால் அழுத்தினார். கொஞ்சம் இறங்கியது. இதுவா? பக்கத்தில் நின்று பார்த்தார். இல்லை, இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம். அதிகமாக இறங்கிவிட்டதோ? மறுபடி ஏற்றினார். தன் இடத்தில் உட்கார்ந்து, அவள் முகம் எங்கே இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு உயரமும் அதுதான் போல இருந்தது, எதுவும் அதுவாக இல்லை.

வாழ்நாளெல்லாம் அரை மில்லியை அளந்த மனிதர். நான்கு வருடம் தினமும் கண்முன்னால் நின்ற அந்த உயரத்தை ஒருநாள்கூட அளந்து வைக்கவில்லை. அளக்க வேண்டுமென்று தோன்றவேயில்லை, அதுதான் அங்கேயே இருந்ததே.

பிறகு காலையில் டோக்கன் அக்காவுக்குக் கால் எட்ட வேண்டுமே என்று அதை நன்றாகக் கீழே அழுத்திவைத்துவிட்டு, விளக்கை அணைத்தார்.